குறுக்குக் கோடு

மாணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆசிரியைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மாணவர் பால்துரை, திருநெல்வேலிப் பக்கம் பெயர்பெற்ற புற்றுநோய் மருத்துவர். யாரிடமும் போய்க் கேட்டு நின்று பழக்கமில்லாதவர். ஆசிரியை ஹாஜிரா கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார்கள் என்று பார்க்கும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு அவருடைய பாடம்.

அன்று மருத்துவர் மூன்று புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்தார்.

"மேடம், இதுல எதை வச்சுப் படிக்கலாம்? இது முழுக்க நிரூபணம். இது கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருன்னு சொல்லுது. இது சின்னது, கணக்கு நிறைய இருக்கு."

"எதுக்குப் படிக்கணும் டாக்டர்?"

பால்துரை ஒரு தாளை நீட்டினார். தாம் கொடுத்துவரும் புது ஊசியின் பலனைத் தாமே வரைந்திருந்தார். படிக்கட்டு போலக் கீழே இறங்கும் கோடு. ஒவ்வொரு படியும் ஒரு சாவு. படிகள் குறைவாகவே இருந்தன. அதில் அவருக்குப் பெருமை, அதை மறைக்கவும் தெரியவில்லை.

"திங்கக்கிழமை சுடலைவடிவுன்னு ஒரு அம்மாவுக்கு இதை ஆரம்பிக்கணும். ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. புது ஊசி நல்லதுன்னு சொல்லியிருக்கேன். இந்த ஊசியா பழைய மருந்தா, நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டாங்க. அதுக்குள்ள என் கோடு சரியான்னு தெரியணும்."

ஹாஜிரா புத்தகங்களைத் தொடவில்லை. படிக்கட்டின் மேல் ஆங்காங்கே சின்னக் குறுக்குக் கோடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"அது சாவு இல்ல மேடம். பாதியில வர்றதை நிறுத்திட்டவங்க. கடைசியா வந்த நாள் வரைக்கும் கணக்குல வச்சுட்டு அப்புறம் விட்டுடணும். மூணு புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"யாருன்னு கேட்டேன்."

மருத்துவர் யோசித்தார். "தளவாய்னு ஒருத்தர். நாங்குநேரிப் பக்கம். லாரி ஓட்டிட்டிருந்தார். குணமாயிருக்கும், அதான் வரல."

"பார்த்துட்டு வாங்க. புத்தகம் இங்கயே இருக்கட்டும்."

பெரிய டாக்டரை நோயாளி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல அந்த ஊரில் வேறு யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. முகம் சுண்டினாலும் அவர் போனார்.

தளவாய் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்கியது. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கடைசி ஊசி போட்ட பெறவு எந்திக்கவேயில்ல அய்யா. மூச்சு வாங்கிக்கிட்டே கெடந்தாவ. அந்த வாரத்துலயே போயிட்டாவ."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா?"

"படியெறங்க முடியாத மனுசன எப்படி அய்யா பஸ் ஏத்த? நல்லாயிருந்தா வந்திருப்பாவல்லா."

அந்த அம்மா கோபப்படவில்லை. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அதுதான் மருத்துவரால் தாங்க முடியாததாக இருந்தது.

இன்னொரு குறுக்குக் கோட்டின் வீடு பக்கத்து ஊரில்தான் இருந்தது. யாரும் சொல்லாமலே அங்கும் போனார். அங்கும் மாலை போட்ட படம்.

திங்கட்கிழமை மதியம் ஹாஜிராவின் அறைக்கு வந்து உட்கார்ந்து, இரண்டு வீடுகளிலும் பார்த்ததைச் சொன்னார். ஹாஜிரா சின்னப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்.

மருத்துவர் மெல்லப் படித்தார். "பாதியில் விட்டுச் சென்றவர்களும் தொடர்ந்து வருபவர்களைப் போன்றவர்களே என்று கொள்வோம்."

வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அவரே போட்ட கோடு.

"மத்த ரெண்டுலயும் இந்த வரி இருக்கு," என்றார். "அதுலயும் அடிக்கோடு போட்டிருக்கேன்."

ஹாஜிரா புத்தகத்தை மூடி வைத்தார்.

"சுடலைவடிவுக்குக் காலையில பழைய மருந்தையே ஆரம்பிச்சுட்டேன் மேடம். புது ஊசி நல்லதுன்னீங்களேன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதும்மான்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒரு நோயாளிகிட்ட அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல."

மருத்துவர் மூன்று புத்தகங்களையும் ஹாஜிராவின் பக்கம் நகர்த்தினார்.

"இப்பவாவது சொல்லுங்க. எதைப் படிக்கட்டும்?"

ஹாஜிரா குறுக்குக் கோடுகள் போட்ட அந்தத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எதுவானாலும் சரி டாக்டர். மிச்ச வீடுகளுக்கும் போயிட்டு வந்து படிங்க."