காக்கை எடுக்காத சோறு

"காக்கா சோத்தை எடுக்க மாட்டேங்குது, சாமி."

வந்ததும் வராததுமாகச் செண்பகவல்லி இதைத்தான் சொன்னாள். கும்பிடக்கூட மறந்துபோனாள்.

கண்மாய்க்கரைச் சத்திரத்தில் இருந்த குருவுக்கு, அவளுக்கொரு மகன் இருந்திருந்தால் அவன் வயதுதான் இருக்கும். ஊரார் அவரைக் கல்லுச்சாமி என்பார்கள். கேட்ட கேள்விக்கு அவரிடமிருந்து ஒரு வார்த்தை வந்தாலே பெரும்பேறு. ஆனாலும் செண்பகவல்லி அவரைத்தான் நம்பினாள். புருஷன் செத்த பிறகு நம்புவதற்கு அவளுக்கு வேறு ஆளில்லை.

குரு கண்ணைத் திறந்தார்.

"எந்தக் காக்கா?"

"எங்க வீட்டுக்காரருதான் சாமி. அமாவாசைக்கு அமாவாசை மொட்டைமாடியில இலை போட்டுப் படைக்கேன். அவுக வந்து தண்ணித் தொட்டி மேல உக்காருதாக. பாக்காக. கிட்ட மட்டும் வர மாட்டேங்காக."

காக்கைக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசினாள்.

காக்கை எடுக்காமல் அவளும் சாப்பிடுவதில்லை. அமாவாசை வந்தால் பட்டினியும் அழுகையும்தான். பட்டினியைத் தாங்கிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரிகளின் வாயைத் தாங்க முடியவில்லை. 'என்ன மனக்குறையோட போனாரோ மனுசன்' என்று அவள் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சு அவளை உள்ளே அரித்தது. அவருக்குத் தன்மேல் கோபமில்லை என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவாள்.

"என்ன குறைன்னு நெனக்கிறீங்க?" என்றார் குரு.

"அதுதான் பிடிபடல. ஒவ்வொண்ணா வாங்கி வச்சுப் பாக்கேன்."

முதலில் கைக்கடிகாரம் வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலை பார்த்த காலத்தில் ஆசைப்பட்டிருப்பாரோ என்னவோ என்று ஒரு கணக்கு. காக்கை வரவில்லை. அடுத்த அமாவாசைக்குத் தோல்செருப்பு. அதற்கும் வரவில்லை. அப்புறம் ரேடியோ, டார்ச் லைட்டு, வெள்ளித் தம்ளர். ஆடி பிறந்ததும் கரை வேட்டி.

"வேட்டி ரெண்டா எடுத்தேன் சாமி. ஆடித் தள்ளுபடி. ஒண்ணு எடுத்தா ஒண்ணு சும்மா."

"செத்தவருக்கு மாத்து வேட்டியா?"

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது.

"நான் ஊதாரி இல்ல சாமி. எந்தப் பொருளையும் போட்ட விலைக்கு நான் வாங்குனதே கிடையாது."

அது உண்மைதான். வினையும் அதுதான். கொசுறு கிடைக்குமென்றால் கோயில் தேரையே விலைபேசுவாள் என்று கடைத்தெருவில் அவளைக் கேலி செய்வார்கள். ஒரு பொருள் தேவையா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரைத்தான் கேட்பாள்.

"அவுக மனசுல என்ன இருந்துச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க. இன்னைக்கே போயி வாங்கிட்டு வந்திருதேன். அதோட இது முடிஞ்சிரும்."

குரு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கடைக்கா சாமி?"

"வீட்டுக்கு."

அன்றைக்கும் அமாவாசைதான். காலையிலேயே படையல் வைத்துவிட்டு, காக்கை வராததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் சத்திரத்துக்கு ஓடிவந்திருந்தாள். சத்திரத்தை விட்டு நகராத சாமி தன் பின்னால் வருகிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. மீதியை அட்டைப்பெட்டிகள் தடுத்தன.

குரு உடம்பை ஒருக்களித்து நுழைந்தார். உள்ளே நடப்பதற்கு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் பிரிக்காத குக்கர்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகிய வாளிகள், சுருட்டிய விரிப்புகள். கட்டிலின்மேல் சேலைப்பெட்டிகள் உத்தரத்தைத் தொட்டன. படுக்கிற மெத்தை உறையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அடுப்படியில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை தெரிந்தது. அங்கேதான் செண்பகவல்லி படுப்பாள்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் குரு நின்றார். உறை பிரிக்காத கம்பளி ஒன்று கிடந்தது.

"இது?"

"அவுகளுக்குன்னு வாங்குனதுதான். நல்ல கம்பளி சாமி. பாதி விலைக்குக் கெடச்சுது."

"போத்திக்கிட்டாரா?"

"இல்ல. பிரிச்சா அழுக்காயிரும். நல்லது கெட்டதுக்கு இருக்கட்டும்னு வச்சிருந்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்தச் சொல் கசந்தது. குரு படியேறினார்.

மொட்டைமாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. நடுவில் தலைவாழை இலை. சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். அதைச் சுற்றி, நெருக்கமாக, அவள் இதுவரை வாங்கியதெல்லாம் இருந்தது. தூசியும் வெயிலும் பட்டுக் கெட்டுப்போகக் கூடாது என்று ஒன்றையும் உறையை விட்டு எடுக்கவில்லை. காற்றில் பாலிதீன் படபடத்தது. வெள்ளித் தம்ளர் கண்ணைக் கூசவைத்தது.

தண்ணீர்த் தொட்டியின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது.

"கா... கா..." என்று செண்பகவல்லி கூப்பிட்டாள். "வாங்களேன். உங்களுக்குப் பிடிச்ச வாழைக்கா வச்சிருக்கேன். ஒரு வாயி எடுத்துக்கோங்களேன்."

காக்கை எழும்பியது. இலைக்கு நேர்மேலே ஒரு வட்டம் போட்டது. தாழ இறங்கி வந்தது. வேட்டி உறை படக்கென்று தூக்கியடிக்க, விருட்டென்று மேலே போய்விட்டது. இன்னொரு வட்டம் போட்டுப் பார்த்தது. அப்புறம் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் போய் இறங்கியது. அங்கே யாரோ ஒரு பிடி வெறுஞ்சோறு வைத்திருந்தார்கள். அதைக் கொத்தித் தின்றது.

செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தீகளா சாமி? எதிர்வீட்டுல தின்னுதாக, என் கையால தின்ன மாட்டேங்காக! இன்னும் என்ன கொறை? என்ன வாங்கி வைக்கணும்? அதையாவது சொல்லுங்களேன்!"

"அது வரத்தான் பாக்குதும்மா" என்றார் குரு. "எறங்க எடமில்ல."

அவள் இலையைப் பார்த்தாள். இலையைச் சுற்றி இருந்ததையெல்லாம் பார்த்தாள்.

சாவதற்குக் கொஞ்சநாள் முன்னால், ஒரு ராத்திரி, அவள் புருஷன் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடந்து பார்த்தார். பிறகு அவள் முன்னால் வந்து நின்றார்.

"செம்பகம், நான் எங்கன படுக்க?"

அவள் கையில் அப்போது ஒரு புதுப்பெட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்ற யோசனையில் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாடியில போய்ப் படுங்க. நல்லாக் காத்து வரும்" என்றாள்.

அது மார்கழி மாதம்.