பெட்ரோல் படாத வால்வு

கோவை கணபதியில் இருக்கும் அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு. யாராவது ஆச்சரியப்பட்டால் சீடரே சிரித்துக்கொண்டு சொல்வார்: "பழைய கார்புரேட்டர் வண்டி வரைக்கும் நான் குருங்க. அதுக்கு மேல இந்த அம்மிணிதான்."

குருவின் பெயர் சுகிர்தா. சீடர் மாசிலாமணி. சொந்த மெக்கானிக் கடையை மூடிவிட்டு, புது வண்டிகளின் வேலையைக் கற்றுக்கொள்ள வந்து எட்டு மாதம் ஆகிறது.

அன்று காலை சீடர் சிரிக்கவில்லை.

பேக்கரி வைத்திருக்கும் ரஷீத் பாய் இருபத்தாறு வருடமாக மாசிலாமணியைத் தவிர வேறு யாரிடமும் வண்டியை விட்டதில்லை. இப்போது அவர் வைத்திருப்பது புது மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார். அது திணறத் தொடங்கியதும் மாசிலாமணி பெட்ரோல் டேங்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றினார். அப்படியும் திணறியது. இன்னொரு பாட்டில் ஊற்றினார். "ஓட ஓடச் சரியாயிரும் பாய்" என்றார். பக்கத்திலேயே இருந்த குருவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிய கை, கேட்குமா?

நேற்று குன்னூர் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. ஓட்டியவர் பாயின் மருமகன். பக்கத்தில் பாயின் மகள், ஏழு மாதக் கர்ப்பிணி. பின்னால் உருளப் பார்த்த சக்கரத்துக்குத் தேயிலை லாரி டிரைவர் ஒருவர் ஓடிவந்து கல் வைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த டிரைவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வண்டி கட்டி இழுத்துவரப்பட்டு இப்போது வாசலில் நிற்கிறது. பாய் போன் செய்யவில்லை. சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார், அவ்வளவுதான்.

மாசிலாமணி ஸ்பேனர் பையைக் குருவின் மேஜைமேல் வைத்தார்.

"நான் கிளம்பறனுங்க அம்மிணி. இனி இந்தக் கை எந்த வண்டியையும் தொட வேண்டாம்."

"சரிங்கண்ணா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். முப்பது வருஷமா வேலை தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களா?"

குரு பையைத் திறந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்ஜினுக்குக் காத்து போற மேனிஃபோல்டைக் கழட்டுங்க. அப்புறம் பேசலாம்."

கழற்றினார். காற்று போகும் துளைக்குள் குரு சின்னக் கேமராவை விட்டார். வால்வின் முதுகு முழுக்கக் கரி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி.

குரு பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி ஒரு வால்வை எடுத்துவந்தார்.

"இது?"

"கார்புரேட்டர் வண்டிதுங்க. லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கும்."

"கரி இருக்கா?"

"பெருசா இல்லீங்க."

"யார் தொடச்சது?"

"யாரும் தொடைக்கலீங்களே." சொல்லிவிட்டு மாசிலாமணி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பெட்ரோல். அதுல பெட்ரோல் வால்வு மேல பட்டுத்தான் உள்ள போகும். போற போக்குல கழுவிட்டுப் போயிருக்கு."

"இதுல?"

"நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுது. வால்வுக்கு வெறும் காத்தும் எண்ணெய்ப் புகையுந்தான்."

"டேங்க்ல ஊத்துன பாட்டில்?"

மாசிலாமணிக்கு முகம் சுண்டிவிட்டது.

"முப்பது வருஷம் பெட்ரோல் கழுவியிருக்குங்க. நான் பேர் வாங்கியிருக்கேன்."

குரு கேமராவை வெளியே எடுத்து வைத்தார்.

"கரியை உதுக்கோணும், வால்நட் ஓட்டுத் தூளை எடுங்க. காத்தோட அடிக்கிறப்ப அந்த சிலிண்டரோட வால்வு மூடியிருக்கோணும். கொஞ்சம் திறந்திருந்தாலும் தூள் உள்ள போய் இன்ஜினே போச்சு. இன்ஜின்ல இருக்கற குறியைப் பாத்து மூடறேன், இருங்க."

மாசிலாமணி அதற்குள் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "மூடிருச்சுங்க."

குரு கேமராவில் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கைக்கு ஒரு கனம் தெரியுமுங்க, காத்து உள்ள சிக்குனா."

"எனக்கு அது தெரியாதுங்கண்ணா. சொல்லிக் குடுங்க," என்றார் குரு. அவர் கேலி செய்யவில்லை. மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. குருவின் கையைப் பிடித்து ஸ்பேனர்மேல் வைத்துக் காட்டிக்கொடுத்தார்.

ஒவ்வொரு சிலிண்டராக மூடி, தூளைக் காற்றோடு பீச்சி, உதிர்ந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். நான்கு மணிக்கு எட்டு வால்வுகளும் இரும்பு நிறத்துக்கு வந்தன. மாட்டி ஓட்டிப் பார்த்தபோது வண்டி திணறவில்லை.

"பாய் வந்தா நீங்களே சாவியைக் குடுத்துருங்க," என்றார் சீடர். "நான் பின்னால இருக்கேன்."

"எந்தப் பாட்டிலை எங்க ஊத்துனீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க."

ரஷீத் பாய் வந்தார். மாசிலாமணி கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னார். "கிளீனர் அந்த இடத்துக்குப் போகவே போகாது பாய். எனக்குத் தெரியல. தெரியாம தைரியமாச் சொல்லிட்டேன். உங்க புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா…"

பாய் வண்டியின் மேல் கை வைத்தார்.

"மொத பாட்டில் ஊத்துனப்பவே ஒருத்தன் சொன்னான் மணி, இது அங்க போய்ச் சேராதுன்னு."

"அப்புறம் ஏன் பாய் என்கிட்டச் சொல்லல?"

"உன் மனசு நோகும்னு விட்டுட்டேன். வண்டி மலையில நிக்கும்னு நெனைக்கல. பாதித் தப்பு என்னோடது. நேத்து உன் மேலயும் கோபம், என் மேலயும் கோபம். அதான் போன் பண்ணல." சாவியை வாங்கிக்கொண்டார். "அதுக்கு முன்னாலயும் நீ அங்கங்க போல்ட்டை இறுக்காம விட்டதுண்டு. உன்கிட்டச் சொல்லாம நானே இறுக்கிக்குவேன். நீ என் வண்டிக்கு எத்தனை தடவை மழையில நனைஞ்சு வந்திருக்க! அடுத்த மாசம் ஆயில் மாத்தக் கொண்டுவர்றேன். இருப்பியில்ல?"

மாசிலாமணி தலையை ஆட்டினார்.

பாயின் கார் போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.

"இவரு சொல்லிட்டாருங்க அம்மிணி. சொல்லாம எத்தனை பேரு என் தப்பைச் சரி பண்ணிட்டுப் போயிருப்பாங்க? பேரும் தெரியாது, மொகமும் தெரியாது. அவங்களுக்கெல்லாம் நான் எங்க போய் நன்றி சொல்றது?"

அப்போது ஒரு கார் திணறித் திணறி உள்ளே வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் பயந்த முகத்தோடு இறங்கினார்.

"இவங்களைத் தெரியுமாங்கண்ணா?" என்றார் குரு.

"தெரியாதுங்க. புதுசு."

குரு ஸ்பேனர் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்த நன்றியை இவங்ககிட்டச் சொல்லுங்க."