உள்பக்கத் தாழ்ப்பாள்

இருட்டிய பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. இரும்பைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். கொஞ்சம் இழுபடும், நிற்கும், மறுபடியும் இழுபடும்.

ஃப்ளோரா முதலில் எலி என்று நினைத்தாள். பிறகு திருடன் என்று நினைத்தாள். புருஷன் கப்பலுக்குப் போனதிலிருந்து கைக்குழந்தையோடு அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். எந்தச் சத்தத்துக்கும் முதலில் விழிப்பது அவள்தான். ரூபியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனாள். சத்தம் தம்பி ஜோவினின் அறையிலிருந்து வந்தது.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

"யாரு?" உள்ளேயிருந்து கேட்டான் ஜோவின்.

"நாந்தாம்ல. என்ன சத்தம்?"

"டிரங்குப் பெட்டிக்கா. கதவுக்கு முட்டுக் கொடுக்கேன்."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் ஜோவின் அப்பாவிடம் ஒன்று சொன்னான். தன் மனம் பெண்கள் மேல் போகவில்லை, ஆண்கள் மேல்தான் போகிறது என்று. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. திருப்புளியை எடுத்து வந்து, அவன் அறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நினைத்த நேரத்தில் கதவைத் திறப்பார். "யார்கிட்டல பேசுத?" என்பார். கல்லூரிக்குப் போகும் பையன், சட்டை மாற்றக் குளியலறைக்கு ஓடினான்.

"ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்குப் போறேன்க்கா" என்றான் ஜோவின், கதவுக்குப் பின்னாலிருந்து. "போனா திரும்பி வர மாட்டேன்."

"வேற எங்கலே போவ?"

"தாழ்ப்பாள் உள்ள இடத்துக்கு."

மறுநாள் சாயங்காலம் ஃப்ளோரா சாமியாரைப் பார்க்கப் போனாள்.

சாமியாரின் பெயர் லிவிங்ஸ்டன். அவளைவிட ஆறேழு வயது இளையவன். பகலெல்லாம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் வேலை. கல்யாண போர்டும் கண்ணீர் அஞ்சலியும். பொழுது சாய்ந்ததும் அதே கடையின் பின்கட்டில் ஊர்வலத்துக்கு அட்டை எழுதுவான். ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் ஒளியாமல் வாழ உரிமை கேட்கும் ஊர்வலம். எழுதிய அட்டைகள் சுவரோரம் காய்ந்துகொண்டிருக்கும். வானவில் கொடிகள் கொடிக்கயிற்றில் தொங்கும். கோஷம் போடச் சொன்னால் சிரிப்பான். கேள்வி கேட்டால் டீ வாங்கிக் கொடுப்பான். அதனால் சாமியார் என்று கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். பிறகு அவனிடம் கேட்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். ஃப்ளோராவும், குழந்தைக்கு ஊசி போட என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து போகிறாள்.

"வாங்கக்கா. இன்னைக்கு என்ன ஊசி?"

"அம்மை ஊசி."

"போன வாரமும் அதானே? புள்ள பாவம்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"சாமியாரே, எனக்கு ரோட்டுல நின்னு கத்தப் பயமா இருக்கு. அப்பாவை எதுத்துப் பேச அதைவிடப் பயமா இருக்கு. போராட்டம்னா என்னன்னே எனக்குத் தெரியல. என்ன செஞ்சா தம்பி வீட்டுல இருப்பான்?"

லிவிங்ஸ்டன் தூரிகையைத் துணியில் துடைத்தான்.

"எங்க வீட்டுல கதவையே கழட்டிட்டாவ."

"கதவையேவா?"

"மொட்டை மாடியில கொண்டு போட்டாவ. நான் அம்மாவோட பழைய சேலை ஒண்ண நிலையில கட்டித் தொங்க விட்டேன். அப்பா கிழிச்சாரு. வேற ஒண்ணு கட்டுனேன். அதையும் கிழிச்சாரு."

"சண்டை போட்டியா?"

"இல்ல. சேலை கட்டுனேன்."

"அப்புறம்?"

"பழைய சேலையெல்லாம் தீந்து போச்சு. ஒரு நாள் காலேஜ் விட்டு வாரேன், நிலையில புதுச்சேலை தொங்குது. மடிப்புக்கூடக் கலையல."

"யாரு கட்டுனா?"

"டீ குடிக்கியளாக்கா?" என்றான் லிவிங்ஸ்டன்.

ஃப்ளோரா தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அன்று ராத்திரி ஜோவினின் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் ரூபி தூங்கினாள். அப்பா இரண்டு தடவை வந்தார். இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் உள்ளே டிரங்குப் பெட்டி இழுபட்டது. அதன் பின்னால் இன்னும் கனமாக ஏதோ இழுபட்டது.

"கட்டிலையும் சேத்து முட்டுக் கொடுக்கான்" என்றாள் மறுநாள் சாமியாரிடம். "அப்பாவை அண்ட விடாம காவல் இருந்தேன். இவன் இன்னும் பயப்படுதான். எனக்கு விளங்கல."

"எங்க உக்காந்திருந்திய?"

"கதவுக்கு வெளிய."

"உள்ள இருக்கவனுக்கு, வெளிய மூச்சு விடுறது அக்காவா அப்பாவான்னு எப்படித் தெரியும்?"

ஃப்ளோரா ரூபியை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

லிவிங்ஸ்டன் அட்டைகளில் கம்பு வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்த திருப்புளியைத் துடைத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்குவதற்குள் ரூபி அதை எட்டிப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொண்டாங்க. வேலை கிடக்கு."

தாழ்ப்பாள் அப்பாவின் சாமான் பெட்டியில் இருந்தது. அவர் தூக்கி எறியவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம்; எண்ணெய் போட்டு, திருகாணிகளோடு செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஜோவினின் அறைக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ரூபி தரையில் உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்; வாங்கப் போனால் கொடுக்க மறுத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது.

"ஏட்டி, என்ன செய்யுத?"

ஃப்ளோரா திரும்பிப் பார்க்கவில்லை. கை நிற்கவில்லை.

"தாழ்ப்பாள் மாட்டுதேன்ப்பா."

"யாரு மாட்டச் சொன்னா?"

அவள் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உள்ள பூட்டிக்கிட்டு அவன் என்னமும் செஞ்சிக்கிட்டா? ஏ? யாரு வந்து திறப்பா?"

இத்தனை நாளும் கோபம் என்று அவள் நினைத்திருந்த குரல்தான் அது. பக்கத்தில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. ரூபிக்குக் காய்ச்சல் கொதிக்கிறபோது அவள் குரலும் அப்படித்தான் ஆகிவிடும்.

திருப்புளியை நிறுத்தினாள்.

"அவன்தாம்ப்பா திறக்கணும். நாம தட்டிப் பழகுவோம்."

அப்பா ஜோவினைப் பார்த்தார். ஜோவின் தரையைப் பார்த்தான்.

அவள் மறுபடி திருகத் தொடங்கினாள். திருகாணி பிடிக்காமல் சும்மா சுற்றியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து போய்விட்டார். சுத்தியலோடு வரப்போகிறார் என்று நினைத்து அவள் அவசரமாகத் திருகினாள். அது இன்னும் வேகமாகச் சுற்றியது.

அப்பா தீப்பெட்டியோடு வந்தார்.

"ஓட்டை பெருத்துட்டு. தீக்குச்சிய ஒடிச்சி உள்ள வச்சி முறுக்கு. பிடிக்கும்."

யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டினார்.

பிடித்தது.

ஃப்ளோரா ரூபியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஜோவின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாளைக்கு ஊர்வலத்துக்கு எத்தனை மணிக்குக்கா கிளம்பணும்?"

"ஒம்பதுக்கு. நானும் ரூபியும் வாரோம். திருப்புளியக் கொடுக்கணும்லா."

"அப்ப ஏழு மணிக்குத் தட்டு."

கதவு மூடியது. அக்காவும் அப்பாவும் அசையாமல் நின்றார்கள். டிரங்குப் பெட்டி இழுபடவில்லை.

எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், அதிகச் சத்தமில்லாமல் உள்பக்கம் விழுந்தது.