ஆறட்டும் என்று வைத்த மிட்டாய்

தாராபுரம் தாண்டிப் பழனிக்கு நடக்கிற வழியில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவி தெய்வானை அம்மா. வயது முப்பத்தெட்டு. அவரிடம் சிஷ்யையாக இருந்த மயிலாத்தாளுக்கு ஐம்பத்தேழு. சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். குரு சிஷ்யையை "மயிலக்கா" என்பார்.

புதிதாக வருகிறவர்கள் ஆள் மாறி மயிலாத்தாள் காலில் விழுந்துவிடுவது உண்டு. அவள் பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். தெய்வானை அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருந்தது. பாதயாத்திரைக் குழுக்கள் வரத் தொடங்கியிருந்தன. நடந்து வருகிறவர்களுக்கு அந்த மடத்தில் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் மொபெட்டில் ஒருவர் வந்து தலைக்கணக்கு சொல்லிவிட்டுப் போவார்.

அன்று மத்தியானம் அப்படி வந்தவர் சென்னியப்பன்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நாப்பது பேருங்க" என்றார். பிறகு மயிலாத்தாளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்கக்காளும் வர்றாங்க. ரெண்டு முட்டியும் போயிருச்சு. டாக்டர் நடக்கவே கூடாதுன்னுட்டாராம். இதுதான் கடைசி நடைன்னு சாமிகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கெளம்புனாங்க."

மயிலாத்தாள் அவருக்கு மோர் கொடுத்தாள். மொபெட் சத்தம் ஓய்ந்த பிறகு குருவைத் தேடிப் போனாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க்கா."

"கோவம் எத்தன நாள்ல ஆறும்?"

அந்தக் கோபத்தை நான் சொல்லிவிடுகிறேன். மயிலாத்தாள் சொன்னால் அழுதுவிடுவாள்.

அக்கா பூவாத்தாள் ஏழு வயது மூத்தவள். இருவரையும் பெற்ற ஆத்தா பதினோரு வருஷம் மயிலாத்தாள் வீட்டில்தான் இருந்தாள். கடைசி மூன்று வருஷம் படுத்த படுக்கை. ஆத்தா செத்த அன்றைக்குப் பூவாத்தாள் பஸ் பிடித்து வந்து இறங்கினாள். உற்றார் உறவு எல்லாம் சுற்றி நிற்க, தங்கச்சியைப் பார்த்துக் கேட்டாள்: "ஆத்தாளுக்குக் கடைசியாக் கஞ்சியாச்சும் ஊத்துனியா?"

ஒரே ஒரு கேள்விதான். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று மயிலாத்தாள் சொன்னாள். பூவாத்தாள் மிதிக்கவில்லை. அதற்கு எட்டு வருஷம் ஆகிவிட்டது.

இடையில் மயிலாத்தாளின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அவள் மடத்துக்கு வந்துவிட்டாள். எப்படியோ தெரிந்துகொண்டு, போன இரண்டு தைப்பூசத்துக்கும் பூவாத்தாள் மடத்து வாசலில் வந்து நின்று, "மயிலு இருக்காளா?" என்று கேட்டாள். இரண்டு தடவையும் மயிலாத்தாள் சாமான் அறையில் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ கேட்டத நெனச்சா இன்னும் வவுறு எரியுதுங்க" என்றாள் இப்போது. "இந்தச் சூட்டோட முன்னால போய் நின்னா வாயில எதாச்சும் வந்துரும். அதுதான், ஆறட்டும்னு இருக்கறேன். ஆறுன பொறவு நானே அவ ஊருக்குப் போய்ப் பாத்துக்கறேன். எத்தன நாளாகும்னு சொல்லுங்க."

தெய்வானை அம்மா கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

"வாழப்பழ வண்டி வராதாம்க்கா. இப்பத்தான் போன் வந்துச்சு. நாளைக்கு நாப்பது பேருக்கு என்ன குடுக்கறது?"

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. தன் கேள்வி என்ன, இவர் பேசுகிற பேச்சு என்ன? ஆனால் நாற்பது பேர் வெறுங்கையோடு போவதை நினைத்தால் அதுவும் சங்கடமாக இருந்தது.

"மிட்டாய் போட்டுரலாங்க. ஆனா முந்திரி இல்லீங்க. பாதாம் இல்ல. நெய் அரை டம்ளர்தான் இருக்குது."

"இல்லாததச் சொன்னீங்க. இருக்கறது என்ன?"

"பாத்துட்டு வந்து சொல்றனுங்க."

"பாக்கோணுமா? ரெண்டு வருசமா அந்த அறையிலதான ஒளியறீங்க."

மயிலாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே பார்க்காமலே சொன்னாள். நிலக்கடலை முக்கால் டின். பொட்டுக்கடலை ரெண்டு படி. வெள்ளை எள் ஒரு கை. அச்சுவெல்லம் நிறைய. சுக்கு. பிறகு பொரி ஒரு மூட்டை, ஆனால் நமுத்துவிட்டது.

"நமுத்தா என்னங்க்கா, வெறும் சட்டியில பெரட்டுனா மொறுமொறுன்னு ஆயிரும். வாங்க."

இருவரும் அடுப்படிக்குப் போனார்கள். மயிலாத்தாள் கடலையை வறுத்தாள். தெய்வானை அம்மா அதைத் துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் போட்டுத் தோலை ஊதினார். பாதித் தோல் அவர் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. பொரியையும் எள்ளையும் தனித்தனியே சூடு காட்டி எடுத்து வைத்தார்கள். பிறகு வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்ணில்லாமல் வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள்.

பாகு பொங்கியது. மயிலாத்தாள் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கரைந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டாள். விரலில் பிசுபிசுவென்று வந்தது. மூன்றாவது தடவை உருட்ட வந்தது. அந்த உருண்டையைத் தட்டில் போட்டாள். கல்லைப் போட்டதுபோல் டங்கென்றது.

"ஆச்சுங்க!"

சுக்குப் பொடியைத் தூவி, எல்லாவற்றையும் பாகில் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பலகையில் கவிழ்த்தார்கள். மயிலாத்தாள் சப்பாத்திக் கட்டையால் உருட்டிச் சமன்படுத்தினாள். பார்க்கவே ஆசையாக இருந்தது. அவள் கத்தியில் நெய் தடவினாள்.

தெய்வானை அம்மா கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஆறட்டும்க்கா."

"ஆறக் கூடாதுங்க! சூட்டுலயே கோடு போட்டரோணும்."

"கை சுடுமே."

"சுடுந்தானுங்க. நெய்யத் தொட்டுக்கிட்டாப் பொறுக்கும்."

"எதுக்குச் சுட்டுக்கறீங்க? ஆறுன பொறவு பாத்துக்கலாம்."

குரு சொன்னால் கேட்க வேண்டும். மயிலாத்தாள் கேட்டாள். ஆனால் உட்கார முடியவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் வந்தாள், அந்தப் பக்கம் போனாள். விரலால் தொட்டுப் பார்த்து, "இப்பப் போட்டாக் கூட வந்துருங்க" என்றாள். தெய்வானை அம்மா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இந்த விஷமம் உண்டு.

நன்றாக ஆறிய பிறகு கத்தியைக் கொடுத்தார்.

மயிலாத்தாள் வைத்து அழுத்தினாள். மிட்டாய் படீரென்று மூன்றாகப் பிளந்தது. இன்னொரு பக்கம் வைத்தாள். துண்டு தெறித்து அடுப்புக்கடியில் போனது. நாற்பது வில்லை வர வேண்டிய பலகையில் ஒரு வில்லைகூட வரவில்லை. கூரை ஓட்டைப் போட்டு உடைத்ததுபோல் கிடந்தது.

தெய்வானை அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ருசி நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மயிலாத்தாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"வேணும்னே செஞ்சீங்க."

"ஆமாங்க்கா."

"எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா? புரியுது. ஆனா அம்மா, மிட்டாயும் மனுசியும் ஒண்ணாங்களா?"

தெய்வானை அம்மா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"ஒண்ணில்லீங்க்கா. மிட்டாயத் திரும்ப அடுப்புல போட்டுக்கலாம்."

மயிலாத்தாள் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். பிறகு உடைந்ததையெல்லாம் சட்டியில் வாரிப் போட்டாள். இன்னும் நாலு அச்சு வெல்லத்தைத் தட்டினாள். இந்தத் தடவை பாகு பதம் வந்து, கலவை பலகைக்கு வந்ததும் அவள் யாரையும் கேட்கவில்லை. ஆவி பறக்கப் பறக்கக் கோடு போட்டாள். இரண்டு விரல் கொப்பளித்தது. நாற்பத்தாறு வில்லை வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு வந்தது. எல்லோரும் பச்சைத் துணி. வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், முட்டியில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கம்பை ஊன்றி ஒருத்தி வந்தாள். உட்காரவில்லை. நேராக வாசலுக்கு வந்தாள்.

"மயிலு இருக்காளா?"

மயிலாத்தாள் சாமான் அறைக்குள்தான் இருந்தாள். மிட்டாய்த் தட்டு கையில் இருந்தது. ஒளியத்தான் போனாளா, தட்டை எடுக்கத்தான் போனாளா என்று அவளுக்கே தெரியாது. தெய்வானை அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மயிலாத்தாள் வெளியே வந்தாள். அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. எட்டு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்காதவளுக்கு அது புதிது.

ஒரு வில்லையை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். அவள் பயந்த மாதிரியே வாயில் வந்துவிட்டது.

"ஊத்துனேன்! மூணு வருசம் கரண்டி கரண்டியா ஊத்துனேன். அன்னிக்குக் காலைலகூட ரெண்டு கரண்டி எறங்குச்சு. கேட்டியே, இப்பச் சொல்றேன், கேட்டுக்க!"

மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூவாத்தாள் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நீ ஊத்துனது எனக்குத் தெரியாதா கண்ணு? நான் ஒரு கரண்டி ஊத்துலியேன்னு பஸ்ஸுல பூரா அழுதுட்டே வந்தேன். எறங்குனதும் பாழாப்போன வாய் உன்னையக் கேட்டுப்போட்டுது."

மயிலாத்தாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"இத எட்டு வருசமா ஏஞ்சொல்லல?"

"வாசப்படி மிதிக்காதேன்னியே. இது மடத்து வாசல். இங்க நிக்கலாம்னு வந்து நின்னேன். நீ வரல."

மயிலாத்தாள் அவளை உட்கார வைத்து, முட்டியில் இருந்த துண்டை அவிழ்த்து, எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பூவாத்தாளுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டே அழுதாள். அழுகைக்கு நடுவில், "சுக்குத் தூக்கலாப் போட்டிருக்கற" என்று குறை வேறு சொன்னாள். மயிலாத்தாளும் அழுதாள்.

அரை மணி நேரம் கழித்துக் குழுத்தலைவர் "அரோகரா" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். பூவாத்தாள் தங்கச்சியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தெய்வானை அம்மா அடுப்படியில் பாகுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிப்போட்டனுங்க. அவளும் சொல்லிப்போட்டா."

"கேட்டுச்சுங்க்கா."

"ஆனா..." மயிலாத்தாள் கொப்பளித்த விரலைத் தடவிக்கொண்டாள். "உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. கோவம் போகலீங்க. அழுதாப் போயிரும்னு நெனச்சேன். அப்படியேதான் இருக்குது."

தெய்வானை அம்மா கையைக் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். பச்சைத் துணிகள் பாதையில் தூரமாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு வெகு பின்னால் ஒரு பச்சைச் சேலை தனியாகப் போனது. பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று போனது.

"இங்கிருந்து எத்தன நாள் நடைங்க்கா?"

"அவ நடக்கற நடைக்கு மூணு நாளாகுங்க."

"கை புடிச்சுக்க ஆளில்லாமப் போறாங்க. நீங்க போங்க."

"நானுங்களா? இந்தக் கோவத்த வச்சுக்கிட்டா?"

"அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க்கா" என்றார் தெய்வானை அம்மா. "பழனி வரைக்கும் நடந்தா அதுக்கும் காலு வலிக்கும்."