ஓட்டுக்குள் இருந்து சொன்ன அமைதி

குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் வாயை மண்ணும் செங்கல்லும் கொட்டி அடைத்தது நீங்கள்தான். குளம் வற்றியது உங்களால்தான். தெரியாதென்று சொல்லாதீர்கள். அங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆனதென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குளத்தில் ஒரு தவளையும் ஒரு நண்டும் ஓர் ஆமையும் இருந்தன. கடைசிச் சேறும் வெடித்த அன்று மூன்றும் மேட்டுக்கு அப்பால் இருந்த ஏரிக்குப் புறப்பட்டன. தவளையின் வயிறு நிறைய முட்டை. தண்ணீரைத் தொட்டால்தான் அது பிழைக்கும், முட்டையும் பிழைக்கும்.

பாதி வழியில் வெயில் ஏறியது. தவளைக்கு மூச்சு வாங்கியது. பயத்தில் அங்கும் இங்கும் தத்தியது.

அப்போது ஏரிக்குப் போகும் எருமை ஒன்று வந்தது. நண்டு குறுக்கே போய் நின்றது.

"எருமையண்ணே, எங்களை ஏத்திக்கிட்டுப் போ. உன் வாலில் இருக்கிற உண்ணியெல்லாம் பிடுங்கிப் போடுறேன்."

"வாலை நானே ஆட்டிக்குவேன். காதுக்குள்ளே எடுப்பியா?"

"காதுன்னா கூலி வேற. கரையோட நிக்கக் கூடாது, தண்ணிக்குள்ளே கொண்டுபோய் இறக்கணும்."

"கறாரான பயல்தான். சரி, ஏறுங்க" என்று எருமை தலையைத் தாழ்த்தியது.

நண்டு கொம்பைப் பிடித்து ஏறியது. தவளை காலைத் தூக்கும்போது ஆமை தடுத்தது.

"பதற்றத்தோடு ஏறாதே, தங்கச்சி. பயணத்தில் மனசுதான் முதலில் நிலைக்கணும். என்னைப் பார். தலையையும் காலையும் உள்ளே இழு. கண்ணை மூடு. மூச்சு வர்றதையும் போறதையும் மட்டும் கவனி. எத்தனையோ கோடையை நான் இப்படித்தான் கடந்தேன்."

சொல்லிவிட்டு ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது. தவளைக்கு ஏது ஓடு? அது காலை மடக்கிப் பக்கத்திலிருந்த பாறைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"அக்கா, மூச்சை எருமை முதுகிலேயும் விடலாம். ஏறித் தொலை!" என்றது நண்டு.

"கொஞ்சம் இரு தம்பி. இப்பத்தான் நெஞ்சு அடங்குது."

எருமை பொறுத்துப் பார்த்தது. "எனக்கு முதுகு காயுது" என்று நடக்கத் தொடங்கியது. தவளையை விட்டுப் போக மனம் வராமல் நண்டு கீழே குதித்தது.

பாறைக்கடியில் மண்ணைத் தோண்டியபடி, "உள்ளே வா அக்கா" என்று கூப்பிட்டது. தவளை மாட்டேனென்று தலையை ஆட்டியது. குழியில் ஈரம் தட்டியதும் நண்டு வெளியே வந்து மறுபடி கூப்பிட்டது. இந்தமுறை தலையும் ஆடவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஆமை தலையை நீட்டியது. "பார்த்தியா, எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்கா."

நண்டு கொடுக்கால் தவளையைத் தொட்டது. காய்ந்த இலைபோலச் சரசரத்தது.

"உன் ஓட்டைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துட்டு இதைச் சொல்லியிருக்கணும்" என்றது நண்டு.

ஆமை தலையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது.

நண்டு இன்னும் அந்தக் குழியில்தான் கிடக்கிறது. ஈரம் குறைந்துகொண்டே வருகிறது. அந்த வழியே வேறு எருமை வரவில்லை.

நடக்கிற காலை நிதானமாக நடக்கவைக்கும் மூச்சுதான் அமைதி, ஓடு உள்ளவர் சொல்லும் அசையாமை தோல் மட்டும் உள்ளவருக்குச் சாவு. ஆகவே மிச்சமிருப்பவர்களுக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லாமல், நீங்கள் அடைத்த வாய்க்காலை நீங்களே வந்து வெட்டிவிடுங்கள்.