அடிநாக்குல நின்ன சத்தம்

ஒரு ஊர்ல ஒரு மடைக்காரன் இருந்தானாம், பேரு ஒச்சப்பன். கண்மாய்த் தண்ணியை எல்லார் வயலுக்கும் சமமாத் திறந்துவிடுறது அவன் வேலை. அவனுக்கு ஒரே தங்கச்சி, சிலம்பாயி. தாயும் இல்ல, தகப்பனும் இல்ல, அவளுக்கு அண்ணன்தான் எல்லாம். ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அந்த ஊரு நாட்டாமைக்குத் தண்ணி பூராவும் தன் வயலுக்கே பாயணும். ஒச்சப்பன் முடியாதுன்னுட்டான். அப்புறம் என்ன, ஒருநாள் நாட்டாமை அவனைத் தன் மாட்டுக்கொட்டத்துக்குக் கூப்பிட்டு, பின்னந்தலையில மடேர்னு ஒண்ணு போட்டான். அங்கயே குழி தோண்டி மூடி, மேல சாணியும் மெழுகிட்டான், பாவி. அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோன சிலம்பாயி அதைப் பாத்துட்டா.

அப்போ நாட்டாமை அவளைப் புடிச்சு, நுனிநாக்கைச் சதக்குன்னு அறுத்தான். பழுக்கக் காச்சின கம்பியை உதட்டுல சொய்ங்னு இழுத்தான். ஊருக்கு என்ன சொன்னான் தெரியுமா? ஒச்சப்பன் கடல் தாண்டிக் கண்டிச்சீமைக்கு ஓடிட்டானாம், அந்த ஏக்கத்துல தங்கச்சி பித்துப்புடிச்சுத் தன்னையே இப்படிப் பண்ணிக்கிட்டாளாம். ஊரும் நம்புச்சு. நாட்டாமை சொன்னா நம்பாத ஊரு எது?

புண்ணு ஆறினதும் அவ 'அண்ணன்'னு சொல்லப் பாத்தா. மேல போயி மடங்க நாக்குல நுனி இல்ல, ஹாஆன்னு காத்துதான் வந்துச்சு. 'மாட்டுக்கொட்டம்'னு சொல்லப் பாத்தா. வெந்த உதடு ஒட்டல, அதுக்கும் காத்துதான். நீ கொட்டுறியே ம், அதுக்குக்கூட உதடு சேரணும்டா செல்லம். கையைக் காட்டினா, பைத்தியம்னு ஒதுங்கிப் போனாங்க.

அப்புறம் ஒருநாள் அண்ணாந்து கஞ்சி குடிச்சா. க்ளக்குனு முழுங்கையில அடிநாக்கு எழும்பி, மேல அண்ணத்துல ஒட்டி மூச்சை அடைச்சுச்சு. அடைச்சதை வெடுக்குன்னு விட்டா. 'க்கா'ன்னு வந்துச்சு. அடிநாக்குல நஞ்சு, நுனிநாக்குல அமுதுன்னு சொல்லுவாங்கள்ல? அந்த முட்டாப்பய அமுதை அறுத்துட்டு நஞ்சை விட்டுட்டான்.

ஆடி அமாவாசை வந்துச்சு. செத்தவங்களுக்குச் சோறு வச்சு, காக்கா கொத்தின பிறகுதான் வீட்டுல வாயில வைக்கணும். உசுரோட இருக்கிறவனுக்கு எந்தப் பைத்தியமும் காக்காச்சோறு வைக்காது. சிலம்பாயி நேரா நாட்டாமை கொட்டத்துக்குப் போயி, அந்த மெழுகின தரையில இலையைப் போட்டு, அண்ணனுக்குப் புடிச்ச கேப்பைக்களியை வச்சா. 'கா'ன்னா. ஒண்ணும் வரல. 'கா, கா'ன்னா. கூரையில ஒண்ணு வந்து குந்துச்சு. மூணாந்தரம் தொண்டை கிழியக் கூப்பிட்டா பாரு, படபடபடன்னு ஊர்க் காக்கா அத்தனையும் அங்க இறங்கிருச்சு.

மத்த வீட்டுச் சோத்தை ஒரு காக்காயும் தொடல. ஊரே பசியோட காக்கா பின்னால வந்து நின்னுச்சு. ஒச்சப்பனோட பங்காளி ஒருத்தன் மெதுவாக் கேட்டான்.

"யாருக்கு ஆத்தா இந்தச் சோறு? உங்க அண்ணனுக்கா?"

ஆமான்னு தலையை ஆட்டினா.

தோண்டினாங்க. மம்பட்டியைப் புடிச்ச கையோடவே கிடந்தான் ஒச்சப்பன். அவனை எடுத்துக் குளிப்பாட்டி எரிச்சாங்க. ஆனா குழியை ஊரு சும்மா மூடல, நாட்டாமையை உள்ள இறக்கித்தான் மூடுச்சு. அவனுக்குச் சோறு வைக்க ஆளும் இல்ல, கொத்தக் காக்காயும் இல்ல.

சிலம்பாயிதான் பாவம். அண்ணான்னு ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லி அழணும்னு கடைசிவரைக்கும் பாத்தா. 'கா'தான் வந்துச்சு.

அம்புட்டுத்தான், கதை காக்காயோட பறந்துருச்சு. உதட்டைச் சேத்து ஒரு ம் சொல்லிட்டுக் கண்ணை மூடு.