பித்தளைப் பண்டிதருக்கு எத்தனை மதிப்பெண்?

அரசன் வேழமுடியானுக்குக் கடல் கடந்து ஒரு பரிசு வந்தது. பித்தளைப் பொம்மை. எதைக் கேட்டாலும் கண் இமைப்பதற்குள் ஓலையில் எழுதித் தள்ளும். அதற்குப் பண்டிதர் என்று பெயர் சூட்டி, கலாசாலை வாசலில் உட்கார வைத்தார் அமைச்சர் கோளரியார்.

தேர்வு வந்தது. தேர்வதிகாரி அஞ்சொலாள் இருநூறு விடையோலைகளையும் படித்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. எல்லாம் பண்டிதர் எழுதிக் கொடுத்தவை; எழுதிய பிள்ளைதான் எங்கும் இல்லை.

"பண்டிதரைப் பூட்டி வையுங்கள், அரசே" என்று அரசனிடம் போய்ச் சொன்னாள்.

"பரிசு அனுப்பியவர் கோபித்துக்கொள்வார். பூட்டக் கூடாது. மாணவர் அவரிடம் கேட்பதையும் தடுக்கக் கூடாது. ஆனால் யார் படித்தவர் என்று நாளைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்."

"தெரியாவிட்டால் கலாசாலையை மூடிவிடலாம். அம்மையாரும் வீட்டில் ஓய்வெடுக்கலாம்" என்று இடையில் புகுந்தார் கோளரியார். அரசன் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் அரசனும் அமைச்சரும் கலாசாலைக்கு வந்தார்கள். அஞ்சொலாள் பொம்மையை மாணவர் வரிசையில் உட்கார வைத்தாள். "பண்டிதரே, நம் அரசரின் வரலாற்றை எழுதும்."

எழுதியதைப் படியெடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். "இன்று தேர்வு எழுதியவர் இவர். திருத்தப்போவது நீங்கள். சந்தேகமா, இவரையே கேளுங்கள்."

"இதெல்லாம் ஒரு தேர்வா? நானே திருத்துவேன்!" என்றார் கோளரியார்.

"தாராளமாக. இந்தாருங்கள் ஓர் ஓலை."

அமைச்சர் பொம்மையிடம் குனிந்தார். "பிழை உண்டா?"

"இல்லை. மிகச் சிறந்த விடை" என்று எழுதித் தள்ளியது பொம்மை.

நூற்றுக்கு நூறு போட்டார். பெரும்பாலான மாணவர்களும் அப்படியே.

பதினெட்டு ஓலைகளில் மட்டும் கடைசி வரி சுழிக்கப்பட்டிருந்தது. தோட்டக்காரர் மகள் அல்லியின் ஓலையை அரசன் உரக்கப் படித்தான்.

"'மன்னர் போர்க்களத்தில் வீரமரணம் எய்தினார்.' தவறு. நேற்று மாலை அரசர் யானைமேல் வந்தார். யானை எங்கள் வாழைக்குலையைத் தின்றது. அரசர் பார்த்துக்கொண்டே இருந்தார்."

அரசன் லேசாக இருமினான்.

"யார் படித்தவர் என்று கேட்டீர்களே, அரசே" என்றாள் அஞ்சொலாள். "இந்தப் பதினெட்டுப் பேர்தான் ஓலையைப் படித்தவர்கள்."

அரசன் அமைச்சரின் ஓலையை எடுத்தான். அதே வரியின் பக்கத்தில் 'முற்றிலும் சரி' என்று இருந்தது.

"கோளரியாரே, நான் எப்போது செத்தேன்?"

"ப... பண்டிதர் சொன்னார், அரசே."

"உமக்குச் சுழிதான்!"

"பாவம், ஒரு மதிப்பெண் போடுங்கள்" என்றாள் அஞ்சொலாள். "செத்துப்போன அரசருக்குத் தினமும் தவறாமல் வணக்கம் சொல்கிறாரே!"

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. கலாசாலை தப்பியது. அல்லி வீட்டுக்கு ஒரு வண்டி வாழைக்குலை போயிற்று. வண்டி ஊர் எல்லை தாண்டும்வரை யானையை யாரும் அவிழ்க்கவில்லை.